அந்த அறையில் யாரும் சொல்லாதது

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் தொழில் அனுபவத்தை ஆயிரம் சொற்களுக்குள் எழுதித் தரும்படி சுதா கேட்டிருந்தார். சுவிஸின் லோசானில் நான் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்த ஹோட்டலில் மாநாட்டு அறைகளை இப்போது ஒழுங்கு செய்பவர் அவர்தான். எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த இரண்டாவது ஆள். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கிழித்தேன். நான்கிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

ஐந்தாவது முறை எழுதுவதற்குக் காரணம் சுதா அல்ல, சிவலிங்கம்.

கடந்த மாதம் லோசானுக்குப் பக்கத்து ஊரான ரெனானில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாள். எங்கள் மேசையில் எட்டுப் பேர். பேச்சு ஆபிரிக்கச் செய்திக்குப் போனது. ஒரு நாட்டில் இராணுவ அதிகாரிகள் சனாதிபதியை வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அயல்நாடுகளின் கூட்டமைப்பு அவர்களுக்குத் தவணை கொடுத்திருக்கிறது. தவணைக்குள் ஆட்சியைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் படை வரும்.

"அண்ணையைக் கேளுங்கோ," என்றார் சிவலிங்கம். பேருந்துப் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், குரல் பெரிது. "உலகச் சமாதானத்துக்குக் கோப்பி ஊத்தின கை இது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உவங்கள் படையை உள்ளுக்கு அனுப்புவாங்களோ, அண்ணை?"

"எனக்கு என்னெண்டு தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதோ? போனமுறை உங்கட ஹோட்டலில நடந்த கூட்டத்துக்குள்ளையே நிண்டனீங்கள். சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ எண்டு அந்தக் கூட்டத்திலேயே சொல்லிப்போட்டு, பிறகு பள்ளிக்கூடத்தைச் சுத்தி வளைச்சவங்கள் எல்லோ? எங்களுக்குச் செய்ததைத்தான் எல்லாருக்கும் செய்யிறாங்கள்."

"இதை ஆர் உமக்குச் சொன்னது?"

"என்ரை மனுசி. அவவோட கிளீனிங் செய்யிற ஆபிரிக்கப் பிள்ளை ஒண்டு சொன்னதாம். அதுக்குப் பிந்தா எண்டு ஒருத்தி சொன்னதாம். பிந்தாவுக்குச் சொன்னது நீங்களாம். பிறகு என்னைக் கேக்கிறியள்!"

மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன ஒரு பொய் மூன்று பெண்களின் வாய் வழியாக வந்து, என் சொந்தச் சனத்தின் மேசையில் சாட்சியாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடம் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னவன் நான். அதை அங்கே சொல்லாமல் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வேலை பழகிய கதை நீளமானதல்ல. இரண்டு ஆண்டுகள் கோப்பை கழுவினேன். ஐந்து ஆண்டுகள் காலை உணவு மண்டபம். மிச்சம் இருபது ஆண்டுகள் மாநாட்டு அறைகள். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை கணிதம் படித்தவன் என்பதால் எண்ணிக்கை எனக்குப் பிழைப்பதில்லை. அதனால்தான் மதாம் பித்தே என்னைக் கேட்டு எடுத்தார்.

மதாம் பித்தே அறைகளின் தலைவி. என் பெயர் தம்பிப்பிள்ளை. அவருடைய வாய்க்கு அதில் முதற் பாதிதான் வசப்பட்டது. என்னைவிட நான்கு வயது இளைய பெண், பிரெஞ்சில் மிகுந்த மரியாதையோடு, இருபது ஆண்டுகள் என்னை "மிஸ்யூ தம்பி" என்று அழைத்தார். நான் திருத்தவில்லை.

குரல் உயர்த்தி அவர் பேசியதை ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் ஒரு தாள் தருவார். எந்த அறை, மேசை என்ன வடிவம், எத்தனை கதிரை, எத்தனை பெயர்ப்பலகை, தண்ணீர் எத்தனை போத்தல். காரணம் எழுதியிருக்காது, கேட்கவும் கூடாது. நான் அறையை ஒழுங்கு செய்து முடித்ததும் வாசலில் வந்து நிற்பார். முழங்காலை மடித்துத் தலையைக் கதிரை முதுகுகளின் மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடி அந்த வரிசையைப் பார்ப்பார். ஒன்று வெளியே நின்றால் "ஐந்தாவது" என்பார். அவ்வளவுதான். ஐந்தாவதை நான் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளுவேன். தண்ணீர்க் கிளாஸ் பென்சிலின் முனைக்கு நேரே நிற்க வேண்டும். பென்சில் சீவியதாக, ஆனால் கையில் குத்தாததாக இருக்க வேண்டும். குத்துகிறதா என்று தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார்.

மாநாட்டு அறைகளுக்கு நான் வந்த முதல் நாள் என்னிடம் சொன்னார்: "மிஸ்யூ தம்பி, இங்கே வருபவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கேட்டதை வெளியே கொண்டு போகாதிருக்க முடியும்." பதினைந்து ஆண்டுகள் அப்படியே இருந்தேன். கேட்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஏனென்றால் நான் செய்த பிழை, கேட்டதைச் சொன்னதல்ல. கேட்காததைச் சொன்னது.

ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேச்சுவார்த்தை எங்கள் ஹோட்டலில் நடந்தது. நாட்டின் பெயரை எழுத மாட்டேன். தேர்தலில் வென்ற சனாதிபதியைப் படையினர் துரத்தியிருந்தார்கள். அயல்நாடுகளின் கூட்டமைப்பு இரண்டு தரப்பையும் லோசானுக்கு அழைத்திருந்தது. ஆட்சியைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் எங்கள் படைகள் எல்லையைத் தாண்டும் என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. மூன்று நாட்கள்.

மதாமின் தாளில் இருபத்தாறு கதிரை. படையினர் தரப்புக்கு ஏழு, துரத்தப்பட்ட அரசுக்கு ஏழு, கூட்டமைப்புக்கு ஒன்பது, தலைமை மேசைக்கு மூன்று. யாருடைய முதுகும் வாசலைப் பார்க்கக்கூடாது என்று இரு தரப்பும் தனித்தனியே கேட்டிருந்தன. எனவே வாசலுக்கு நேரே ஒருவரும் இல்லாத மூன்று பக்க மேசை. படையினரின் தண்ணீர்ப் போத்தல்களை அவர்கள் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். முதல் நாள் அவர்கள் என் கோப்பியைத் தொடவில்லை. ஏழு கோப்பைகளும் வைத்தபடியே திரும்பி வந்தன.

இங்கே பிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹோட்டலின் நிலவறையில் மேசைவிரிப்புகளை அயன் பண்ணி மடிக்கும் பகுதி இருந்தது. அங்கே வேலை செய்தவள். அந்த நாட்டுக்காரி. தாயும் தங்கை மரியாமாவும் தலைநகரில் இருந்தார்கள். என்னைவிடப் பதினேழு வயது இளையவள். நாங்கள் பேசியது பிரெஞ்சில். அதை என் பேச்சில்தான் எனக்கு எழுத வரும்.

முதல் நாள் மாலை விரிப்பு மாற்றப் போனபோது கேட்டாள்.

"உள்ளுக்கை என்ன நடக்குது?"

"எனக்குத் தெரியாது. ஏழு கோப்பை குடிக்காமல் வந்தது."

அவள் விரிப்பை மடித்துத் தந்தாள். இரண்டாம் நாள் இடைவேளையில் படையினர் தரப்பில் ஒரு கேணல் அறையைக் கடந்து மற்றத் தரப்பின் கோப்பி மேசைக்கு வந்தார். அங்கே நின்ற முதியவருக்குக் கேட்காமலே மூன்று சீனிக்கட்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தார். முதியவர் வாங்கிக் குடித்தார். அன்று குடிக்காமல் திரும்பியவை இரண்டு கோப்பைகள் மட்டுமே. நான் நேரே நிலவறைக்கு இறங்கினேன்.

"இண்டைக்கு ரெண்டுதான் மிச்சம். சரிவரும்போல கிடக்கு."

"நீங்கள் ஒரு சாத்திரியார்," என்று சிரித்தாள். "நாளைக்கும் வந்து சொல்லுங்கோ."

அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அறுபது வயதில், ஒரு நாட்டின் விதி தெரிந்தவனைப் போல ஒருத்தி என் முகத்தைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு இடைவேளை அறிவித்தார்கள். படையினர் தரப்பு எழுந்து மின்தூக்கிக்குப் போனது. மதாம் பித்தே என்னிடம் புதிய தாள் ஒன்றைத் தந்தார். அதில் ஒரே ஓர் எண்: பத்தொன்பது.

நான் தாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அரை மணி நேரம் இருக்கிறது, மிஸ்யூ தம்பி."

ஏழு கதிரைகளை வெளியே எடுத்தேன். ஏழு பெயர்ப்பலகைகளைப் பெட்டியில் அடுக்கினேன். மேசையின் ஒரு பக்கம் கழன்றதால் விரிப்பு நீண்டு தரையில் கிடந்தது. சிறிய விரிப்பு வேண்டும். சிறிய விரிப்பு பிந்தாவிடம் இருந்தது.

"சின்னன் தாரும்," என்றேன்.

அவள் கை இயந்திரத்தில் நின்றது. "ஏன் சின்னன்? எத்தினை கதிரை?"

"பத்தொன்பது."

"காலமை இருபத்தாறு எல்லோ?"

நான் பெரிய விரிப்பைக் கூடைக்குள் போட்டேன்.

"எங்கட ஆமிக்காரர் எழும்பிப் போட்டினமோ?"

பேசாமல் நின்றதே பதிலாகிவிட்டது. அவள் அழுக்குத் துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அப்ப படை வரப்போகுது," என்றாள். அவள் முகத்தில் இருந்தது நான் எதிர்பார்த்த பயம் மட்டுமல்ல. "வரட்டும். அம்மா வெய்யிலுக்கை ஆறு மணித்தியாலம் நிண்டு போட்ட வாக்கு. அதைத் திண்டுபோட்டு இருக்கிறாங்கள். வரட்டும்."

"பிந்தா, அப்பிடிச் சொல்லாதையும். எங்கட ஊருக்கும் சமாதானப்படை எண்டுதான் வந்தவை. நாங்கள் ரோட்டில நிண்டு மாலை போட்டனாங்கள். ரெண்டரை மாதத்தில எங்களைச் சுட்டவை."

"இவை வேறை."

"எல்லாரும் வேறைதான். உம்மடை வீடு எங்கை?"

"ஆமிக் காம்புக்குப் பின்னாலை. இருநூறு மீற்றர்."

எனக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, ஞாபகம் வந்தது. பதினொரு வீடுகள். அயல்நாட்டுப் படை வந்தபோது வீட்டிலேயே இருந்த நான்கு குடும்பங்களில் ஆட்களை இழந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போன ஏழு குடும்பங்களும் முழுதாகத் திரும்பி வந்தன. என் தாயும் அவர்களில் ஒருவர். அந்தக் கணக்கை நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரிபார்த்து வைத்திருந்தேன்.

"கிட்ட ஏதும் பள்ளிக்கூடம் இருக்கோ?"

"இருக்கு. கல்லுக் கட்டடம், ரெண்டு மாடி."

"வீட்டில ஒருத்தரும் நிக்க வேண்டாம். படை வாறதெண்டு கேட்டவுடனை பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லும். இண்டைக்கே."

"அம்மாவுக்குச் சீனி வருத்தம். ஊசி மருந்து குளிருக்கை இருக்க வேணும். பள்ளிக்கூடத்தில பிரிட்ஜ் இல்லை. எத்தினை நாளைக்கு?"

எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எண் கேட்டால் எண் சொல்லிப் பழகிய வாய்.

"மூண்டு நாள். அதுக்கு மேலை இராது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது உள்ளுக்கை சொன்னவையோ?"

நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. சிறிய விரிப்பை வாங்கிக்கொண்டு மேலே ஓடினேன். மதாம் பித்தே முழங்காலை மடித்து வரிசையைப் பார்த்தார். ஒரு கதிரையையும் அவர் திருத்தவில்லை.

இரண்டு நாட்களின் பின் கூட்டமைப்பின் படைகள் எல்லையைத் தாண்டின. ஒன்பது நாட்கள் சண்டை. பத்தாம் நாள் துரத்தப்பட்ட சனாதிபதி விமானத்தில் வந்து இறங்கியதையும், மக்கள் வீதியில் ஆடியதையும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஹோட்டல் இயக்குநர் அந்த மாநாட்டில் வேலை செய்த எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி சொக்லேட் கொடுத்தார். அந்த ஒன்பது நாளும் பிந்தாவின் தொலைபேசிக்கு வீட்டிலிருந்து அழைப்பு இல்லை. பதினோராம் நாள்தான் மரியாமாவின் குரல் கேட்டது.

நான் கணக்கில் எடுக்காதது இது. எங்கள் ஊரில் வந்த படையோடு சண்டை பிடித்தவர்களுக்கு முகாம் என்று ஒன்று இருக்கவில்லை. ஒழுங்கைகளுக்குள் இருந்து சண்டை பிடித்தார்கள், அதனால் ஒழுங்கை வீடுகளில் குண்டு விழுந்தது. பிந்தாவின் ஊரில் படையினருக்கு முகாம் இருந்தது. முகாமைத்தான் தாக்குவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எனவே முதல் நாளே அதை விட்டு வெளியேறிச் சனம் நிறைந்த கல்லுக் கட்டடத்துக்குள் போய் இருந்துகொண்டார்கள். சனத்தை வெளியே விடவில்லை. வெளியே நின்ற படையும் அசையவில்லை. ஒரு கணக்கின் விடையைத் தூக்கி இன்னொரு கணக்கின் கீழே எழுதியிருந்தேன்.

தாய் ஒன்பதாம் நாள் காலையில் இறந்துபோனார். குண்டுபட்டு அல்ல. ஊசி மருந்தில் மூன்று நாளைக்குரியதை மட்டுமே எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சம் வெய்யிலில் பழுதாகிவிடும் என்று வீட்டிலேயே விட்டுப் போனார்கள். மூன்று நாள் என்று உள்ளே இருந்தவர்களே சொன்ன பிறகு அதிகம் எதற்கு? வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. முகாமில் விழுந்தவை இரண்டே குண்டுகள். அந்தத் தெருவில் மின்சாரமும் நிற்கவில்லை. மரியாமா திரும்பிப் போய்க் குளிர்சாதனப்பெட்டியைத் திறந்தபோது மருந்து குளிராகவே இருந்தது.

பிந்தா இதை எனக்குச் சொன்னது அதே நிலவறையில். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

"நீங்கள் உங்கட வேலையையும் பாக்காமல் வந்து சொன்னனீங்கள்," என்றாள். "பொய் சொன்னது அவை. உள்ளுக்கை இருந்து மூண்டு நாள் எண்டு சொன்னவன் ஆர்? எந்தக் கதிரையில இருந்தவன்?"

இருபத்தாறு பெயர்ப்பலகைகளையும் என் கையால் வைத்தவன் நான். யார் எத்தனை சீனிக்கட்டி போட்டார்கள் என்பதும் எனக்கு ஞாபகம்.

"ஞாபகம் இல்லை," என்றேன்.

அவள் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினாள். தன் பிரெஞ்சில் எழுத்துப் பிழை இருக்கும் என்று என்னிடம் கொண்டுவந்தாள். உங்கள் மாநாட்டில் மக்களைப் பள்ளிக்கூடங்களுக்குப் போகச் சொன்ன அதிகாரி யார் என்று கேட்டிருந்தாள். ஆறு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அப்படி யாரும் சொல்லவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உண்மையான பதில். அதை அவள் பொய் என்று எடுத்துக்கொண்டாள். இன்னும் மூன்று கடிதங்கள் எழுதினாள், மூன்றையும் நான் திருத்தினேன். அதற்குப் பிறகு அவளுடைய நாட்டவர்கள் கூடும் இடமெல்லாம் எழுந்து நின்று அந்தக் கூட்டமைப்பு எப்படிப்பட்டது என்று சொல்லத் தொடங்கினாள். வரட்டும் என்று சொன்ன பெண்.

அந்தப் படை போனது சரியா பிழையா என்று எனக்கு இன்றும் தெரியாது. என் ஊரில் பட்டதை வைத்துப் பிழை என்பேன். அந்த நாட்டில் அதன் பின் இரண்டு தேர்தல்கள் நடந்திருக்கின்றன, அதையும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் சிவலிங்கத்தின் வாயிலிருந்து அது வந்தபோது ஒன்று விளங்கியது. சரியா பிழையா என்று தீர்மானிக்க முயலும் மனிதர்களின் கையில் நான் ஒரு கள்ளச் சாட்சியைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் பிந்தாவின் வீட்டுக்குப் போனேன். அவள் இப்போது ரெனானில் இருக்கிறாள், ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை, வியாழன் ஓய்வு. மூன்றாம் மாடி, ஐம்பத்திரண்டு படி. இரண்டு இடத்தில் நின்று போனேன். மூச்சு வாங்கியது ஒரு காரணம்.

தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். "மெலிஞ்சு போனியள். சாப்பிடுறதில்லையோ?"

"பிந்தா, அண்டைக்கு அந்த அறையில பள்ளிக்கூடம் எண்ட சொல்லே வரேல்லை. நான்தான் சொன்னனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள். தெரியும்."

"அவை சொல்லேல்லை. நானா யோசிச்சுச் சொன்னது."

"மூண்டு நாளும்?"

"அதுவும் நான்தான்."

அவள் அடுப்பை நிறுத்தினாள். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

"நான் அவைக்கு நாலு கடிதம் எழுதினனான்."

"ஓம்."

"நாலையும் நீங்கள் திருத்தித் தந்தனீங்கள்."

"ஓம்."

மேசையின் மற்றப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயது அவளுக்கும் போய்விட்டது, நெற்றியோரம் நரைத்திருந்தது. "ஏன் தலையாட்டினீங்கள்?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதின்மூன்று ஆண்டுகளாக நான் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். பேருந்தில் வரும்போதும் மூன்றைத் தெரிவு செய்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"நான் சொல்லுறன் எண்டால் நீர் கேக்கமாட்டீர் எண்டு நினைச்சன். அவை சொன்னது எண்டால் கேப்பீர்."



"நீங்கள் சொல்லியிருந்தாலே கேட்டிருப்பன்," என்றாள். "உங்கட அம்மா பள்ளிக்கூடத்தில தப்பினவ எண்டு சொல்லியிருந்தாலே போதும். ஆனால் மருந்து முழுக்கக் கொண்டுபோகச் சொல்லியிருப்பன். உங்களுக்கு எத்தினை நாளெண்டு தெரியாது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. இந்த முறை உண்மையாகவே ஞாபகமில்லை.

பிந்தா தொலைபேசியை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். "மரியாமா. அண்டைக்கு மருந்தை எண்ணி எடுத்தது அவள். இவ்வளவு காலமும் தன்ரை கையைத்தான் திட்டிக்கொண்டு இருக்கிறாள். நான் அவளுக்குச் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

மணி அடித்தது. இரண்டு. மூன்று. நான்காவதில் எடுத்தாள். அக்கா என்று நினைத்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். பின்னால் கோழிகளின் சத்தமும் யாரோ வாளி வைக்கும் சத்தமும் கேட்டன. பிந்தா வாயைத் திறக்கவில்லை.

நான் என் பெயரை முழுதாகச் சொன்னேன்.